சேலம் பெரியார் பல்கலைக்கழகம், வளாகங்கள், நூலகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலேயே சேலத்தில் பேனர்கள் முளைத்துவிடும். ஐந்து ரோடு முதல் புதிய பேருந்து நிலையம் வரை ‘ஏ++’, ‘தேசியத் தரவரிசை’ என்று எழுத்துகள் மின்னும். பெற்றோரும் மாணவர்களும் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகளையும், ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் நூலகம் பற்றிக் கேட்பதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். எனக்குச் சொல்ல ஒன்று உண்டு: ஒரு சாதனைச் செய்தியைப் படித்தால், ‘இதனால் மாணவருக்கு எந்தக் கதவு திறந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில்களையெல்லாம் அந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

பெரியார் பல்கலைக்கழகம் எப்போது வந்தது? எந்தெந்த ஊர் அதற்குள் வரும்?

1997 செப்டம்பர் 17 அன்று, பெரியார் பிறந்த நாளில் தொடங்கப்பட்டது. அதுவரை சேலம் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. வளாகம் சேலத்திலிருந்து ஓமலூர் போகும் பெங்களூர் நெடுஞ்சாலையில், கருப்பூரில் இருக்கிறது. 1966-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியும் அதே கருப்பூரில்தான். பேருந்தில் ஏறும்போது எது வேண்டும் என்று நடத்துநரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டக் கல்லூரிகள் இதனுடன் இணைந்தவை. தொடங்கியபோது மூன்று மாவட்டம்தான். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதால் கணக்கு நான்காகிவிட்டது, எல்லை மாறவில்லை. ‘அறிவால் விளையும் உலகு’ என்பது பல்கலைக்கழகத்தின் முழக்கம். பெரியாருக்கும் சேலத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பதுண்டு. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றம் பெற்றது இந்த ஊரில் நடந்த மாநாட்டில்தான்.

ஏ++ என்கிறார்களே, அது என்ன பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். ஆனால் பேனர் அளவுக்கு இல்லை.

நாக் என்கிற தேசியத் தர மதிப்பீட்டுக் குழு பல்கலைக்கழகங்களை நான்கு புள்ளிக்கு மதிப்பிடும். 3.51-க்கு மேல் போனால் ஏ++. பெரியார் பல்கலைக்கழகம் 2015-ல் ஏ கிரேடில் இருந்தது. 2021-ல் 3.61 புள்ளியுடன் ஏ++ வாங்கியது. ஒரே சுற்றில் இரண்டு படி ஏறியிருக்கிறது. கருப்பூரில் பாறையும் பொட்டலுமாக இருந்த இடத்தில் கால் நூற்றாண்டுக்குள் இதைச் செய்தது சாதாரணம் இல்லை.

இப்போது உள்ளே பார்ப்போம். மொத்தம் 1000 மதிப்பெண். அதில் ஆராய்ச்சிக்கு 250, கற்பித்தலுக்கு 200, பாடத்திட்டத்துக்கு 150. கட்டமைப்பு வசதிக்கு 100. அந்த 100-க்குள் நூலகத்துக்கு எவ்வளவு தெரியுமா? வெறும் 20. ஆயிரத்துக்கு இருபது! வீட்டில் புத்தக அலமாரியே இல்லாமல் வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த இருபது மதிப்பெண் கட்டடம்தான் முக்கால்வாசிப் பல்கலைக்கழகம். கிரேடைப் பார்த்துச் சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சேர்வதற்கு முன் நூலகத்துக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை மேசையில் மாணவர்கள் இருக்கிறார்கள், எத்தனை அலமாரிக்குப் பூட்டு தொங்குகிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஒரு சேதி: இந்த ஏ, பி கிரேடு முறையையே எடுத்துவிட்டு, ‘அங்கீகாரம் உண்டு, இல்லை’ என்று இரண்டே நிலை கொண்டுவரப் போவதாக 2024 ஜனவரியில் நாக் அறிவித்தது. அது நடைமுறைக்கு வந்தால் பேனர் எழுதுபவர்கள் வேறு வாசகம் தேட வேண்டியதுதான்.

என்ஐஆர்எஃப் தரவரிசையில் எத்தனையாவது இடம்?

பல்கலைக்கழகப் பிரிவில் 2022-ல் 63, 2023-ல் 59. இது ஒன்றிய கல்வி அமைச்சகம் 2016 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியல். கற்பித்தல் வசதிக்கு 30 சதவீதம், ஆராய்ச்சிக்கு 30, தேர்ச்சி, வேலைவாய்ப்பு போன்ற பலன்களுக்கு 20, எல்லாத் தரப்பினரையும் சேர்த்துக்கொள்வதற்கு 10, மற்றவர்கள் மனதில் உள்ள பெயருக்கு 10. அந்தக் கடைசிப் பத்தில் டெல்லியும் பெங்களூரும் முந்திவிடும், சேலம் பின்னால் நிற்கும். நம் ஊர்க் கல்லூரிகளில் பெண்கள், பட்டியலினத்தவர், கிராமத்துப் பிள்ளைகள் அதிகம் படிப்பது நான்காவது அம்சத்தில் கைகொடுக்கும். 2024 முதல் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்குத் தனிப் பட்டியலும் வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க நியாயமானது அதுதான்.

நூலகத்தில் அண்மையில் என்ன புதுசு?

என்னைக் கேட்டால், ஏ++-ஐ விடப் பெரிய செய்தி இதில்தான் இருக்கிறது. பத்து மாணவர்களைக் கேட்டால் எட்டுப் பேருக்குத் தெரிவதில்லை.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் பிரான்சிஸ் உட்பட 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை, 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது.

இதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சேலத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்திக்கு ஒரு கட்டுரை தேவைப்படுகிறது. இணையத்தில் சுருக்கம் மட்டும் தெரியும். முழுசாகப் படிக்க 35 டாலர் கட்டு என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய், ஒரே கட்டுரைக்கு. ஐஐடியில் படிக்கும் தோழியிடம் ‘டவுன்லோடு பண்ணி அனுப்பு’ என்று கெஞ்சியவர்கள் எத்தனையோ பேர். இன்று அதே கட்டுரையை அரசுக் கல்லூரி இணைய இணைப்பிலேயே திறக்கலாம்.

வளாகத்துக்குள் இருந்தால் நேராகத் திறக்கும். வீட்டிலிருந்து படிக்க இன்ஃபெட் என்ற உள்நுழைவுக் கணக்கு வேண்டும். அதை நூலகத்தில் கேட்டுத்தான் வாங்க வேண்டும், தானாக வராது. கல்லூரி மின்னஞ்சல், அடையாள அட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

நான் படிப்பது தனியார் சுயநிதிக் கல்லூரி. எனக்கும் கிடைக்குமா சார்?

இல்லை தம்பி. முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். இணைவுக் கல்லூரிகளில் சுயநிதிக் கல்லூரிகளே நிறைந்திருக்கும் நம் நான்கு மாவட்டத்தில் இது பெரிய ஓட்டை. ஒரே தேர்வு எழுதுகிறார்கள், ஒரே பட்டம் வாங்குகிறார்கள், ஆனால் ஒருவருக்குக் கதவு திறக்கிறது, இன்னொருவருக்குத் திறப்பதில்லை.

உங்களுக்கு உள்ள வழிகள்: உங்கள் கல்லூரி ‘என்-லிஸ்ட்’ என்ற மின்நூல் திட்டத்தில் கட்டணம் கட்டிச் சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். சேர்ந்திருந்தும் பாஸ்வேர்டு யாருக்கும் கொடுக்கப்படாமல் கிடப்பது உண்டு. அப்புறம், காரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்நூலகம் எல்லாருக்கும் திறந்தது. தமிழ் படிப்பவர்களுக்கு ஆங்கில ஆய்விதழ்கள் எத்தனை ஆயிரம் வந்தாலும் பெரிய பயன் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய அச்சு நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அரிய பழைய பதிப்பு வேண்டுமென்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

சோத்கங்கா என்பது என்ன? அதில் நம்ம ஊர் ஆய்வேடுகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் களஞ்சியம் அது. ஆய்வேட்டின் மின்படியையும் ஒப்படைக்க வேண்டும் என்று யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு 2009 விதிமுறைகளில் கட்டாயமாக்கியது. அதற்கு முன் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு என்றால் கருநிறக் காலிக்கோ அட்டை போட்டு, பொன்னெழுத்து அச்சடித்து, நூலகத்தின் கடைசி அறையில் தூங்கும். இப்போது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பாஸ்வேர்டு கூட வேண்டாம்.

புதிதாகப் போகிறவர்கள் குழம்புவது ஓர் இடத்தில்தான். ஒரு ஆய்வேட்டைத் திறந்தால் முழுப் புத்தகமாக வராது. தலைப்புப் பக்கம் ஒரு கோப்பு, சான்றிதழ் ஒரு கோப்பு, பொருளடக்கம் ஒன்று, பிறகு இயல்வாரியாக ஒவ்வொன்று என்று துண்டு துண்டாக இருக்கும். முதல் நான்கைத் திறந்துவிட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று மூடிவிடுவார்கள். கோப்புப் பட்டியலின் கடைசிக்கு நேராகப் போங்கள். துணைநூற்பட்டியல் கோப்பு ஒன்று இருக்கும். உங்கள் தலைப்புக்கு நெருக்கமான இரண்டு ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டால், எதையெல்லாம் படிக்க வேண்டும் என்பதற்குப் பாதி வேலை முடிந்தது.

எழுதப்போகும் தலைப்பை ஏற்கெனவே யாராவது எழுதிவிட்டார்களா என்று பார்க்கவும் இதுதான் இடம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை பற்றித் தேடினால், ‘சேர்வராயன்’ என்பதன் எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேடுங்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள்.

எம்.ஃபில். இன்னும் உண்டா? காப்பி சோதனை எத்தனை சதவீதம்?

எம்.ஃபில். இல்லை. 2022 யுஜிசி விதிமுறைகளோடு அது முடிந்தது. யாராவது சேர்க்கை போட்டால் பணம் கட்டாதீர்கள்.

ஒப்புமைச் சோதனைக்கு 2018 விதிமுறை: 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. மேற்கோளும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் வராது. மென்பொருள் சதவீதத்தைக் காட்டும், திருட்டா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அதை நெறியாளர்தான் பார்க்க வேண்டும். தரமான ஆய்விதழ்கள் இவை என்று யுஜிசி வைத்திருந்த ‘கேர்’ பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. ‘கேர் லிஸ்ட் ஜர்னல், மூவாயிரம் கொடுங்கள், நாளையே பப்ளிஷ்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பிளாக் செய்யுங்கள்.

தருமபுரியிலும் வளாகம் உண்டாமே?

உண்டு. பைசுஹள்ளியில் முதுநிலை விரிவாக்க மையம் இயங்குகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்கள், தொப்பூர் கணவாயைத் தாண்டித் தினமும் வந்து போக வேண்டியதில்லை. முன்பு பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளாக இருந்த சில, இப்போது அரசு கலை அறிவியல் கல்லூரிகள். பழைய பெயரில் தேடினால் கிடைக்காது. தொலைநிலைக் கல்வி 2001-ல் ‘பிரைடு’ என்ற பெயரில் தொடங்கியது. இப்போது தொலைநிலை, இணையவழிக் கல்வி மையம் என்கிறார்கள்.

ஆராய்ச்சி ஆராய்ச்சி என்கிறீர்கள், நம்ம ஊர் விவசாயிக்கு அதனால் என்ன?

நல்ல கேள்வி. இதற்குப் பதில் கருப்பூரில் இல்லை, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் ஏத்தாப்பூரில் இருக்கிறது. அங்கே உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

சேலம், நாமக்கல் என்றால் குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் மரவள்ளியும், அதிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ மில்லும். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதற்கு மூன்று ஆண்டு முன்னால் இந்தப் பயிரே ஆட்டம் கண்டது. 2020-ல் கேரளாவில் முதலில் தென்பட்ட ஒரு புது மாவுப்பூச்சி, நம் பக்கமும் பரவியது. தளிர் சுருண்டு கொத்தாகிவிடும், செடி குட்டையாகிக் கிழங்கு பிடிக்காது. மருந்தடித்தால் மேலே மெழுகு போல மாவு படிந்திருப்பதால் சரியாக உள்ளே இறங்காது. அடித்தவன் கைதான் அரிக்கும்.

இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவை ஆட்டிப்படைத்தது. தென் அமெரிக்காதான் அதன் பூர்வீகம். அங்கேயே அதற்கு எதிரியாக ‘அனகைரஸ் லோபெசி’ என்ற சின்னஞ்சிறு குளவி இருப்பதைக் கண்டுபிடித்து, 1981-ல் நைஜீரியாவில் விட்டார்கள். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. குளவி செய்வது இவ்வளவுதான்: மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை வைக்கும், புழு உள்ளிருந்தே தின்று தீர்க்கும், பூச்சி உலர்ந்த பழுப்புக் கூடாகிவிடும், அதை ஓட்டை போட்டுக்கொண்டு அடுத்த குளவி வெளியே வரும். இலைக்கடியில் அப்படி ஓட்டை விழுந்த கூடுகள் தெரிந்தால் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்போது மருந்தடித்தால் குளவியும் சேர்ந்து சாகும்.

பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் இந்தக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, தனிமையில் வளர்த்துச் சோதித்து, 2022 மார்ச் 7 அன்று ஏத்தாப்பூரில் விவசாயிகளுக்கு வழங்கியது. இந்தியாவில் இந்தக் குளவியின் முதல் வெளியீடு நம் சேலம் மாவட்டத்தில்தான். இதற்கு எந்தக் கல்லூரிப் பேனரையும் நான் ஐந்து ரோட்டில் பார்த்ததில்லை.

நான் ஏற்காடு மலைக் கிராமத்துப் பையன். கீழே இறங்காமல் என்ன செய்யலாம்?

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரம் வந்து, சேலம் போய், அங்கிருந்து கருப்பூர். ஒரு நாளுக்கு அதுவே போதும். வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு, வளாக இணைப்பில் தேவையான கட்டுரைகளை எல்லாம் பதிவிறக்கிக் கொண்டுபோய் மேலே படிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்தது. மலையில் சிக்னல் வரும் என்று நம்பித் தேர்வுக்கு முந்தின நாள் தேடாதீர்கள்.

தாவரவியல் படிப்பவர் என்றால் உங்கள் ஊரே ஆய்வகம். ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா 1963 முதல் இருக்கிறது. கீழிருந்து வருபவர்கள் அங்கே பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். சேர்வராயன் மலைப் பெயரையே தாங்கிய ‘வெர்னோனியா சேர்வராயென்சிஸ்’ என்ற மரம் இந்தப் பகுதிக்கே உரியது, அழியும் நிலையில் இருப்பது. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பெரியவர்கள் மரத்துக்கும் மூலிகைக்கும் சொல்லும் பெயர்களையும் பயன்பாடுகளையும் தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் ஒரு பகலில் கேட்டு எழுதுவதை விட உங்கள் குறிப்பு கனமாக இருக்கும்.

நல்ல செய்தி மட்டும்தானா?

இல்லை. 2022 ஜூலையில் முதுகலை வரலாற்றுத் தேர்வில் தமிழ்நாட்டின் தாழ்ந்த சாதி எது என்று கேள்வி வந்து பெரிய கண்டனம் எழுந்தது. அதுவும் பெரியார் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில். வினாத்தாளை வெளியில் வேறொருவர் தயாரித்தார் என்று விளக்கம் வந்தது. அச்சுக்குப் போகும் முன் ஒரு கண் படித்திருந்தால் நின்றிருக்கும்.

அலமாரியில் புத்தகம் தேடவே தெரியவில்லை, கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட ஒன்றும் இல்லை, பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை. புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான கல்லூரி நூலகங்களில் அது டூயி வகைப்பாட்டு எண். 894.811 என்றால் தமிழ் இலக்கியம். 494.811 என்றால் தமிழ் மொழி, இலக்கணம். 954.82 தமிழ்நாட்டு வரலாறு. 551 நிலவியல், 630 வேளாண்மை. எண்ணுக்குக் கீழே ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகள். உங்கள் பாடத்தின் எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் எந்த ஊர் நூலகத்திலும் நேராக அந்த வரிசைக்குப் போய்விடலாம். தேடிய புத்தகத்துக்கு இடமும் வலமும் இருப்பவற்றையும் புரட்டுங்கள். கணினித் தேடலில் கிடைக்காதது அங்கே அகப்படும்.

சில நூலகங்களில் கோலன் எண் இருக்கும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-ல் வெளியிட்ட முறை அது. அவர் பிறந்த நாள் என்று ஆகஸ்ட் 12-ஐ நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம், மாலை போடுகிறோம், எண்ணைப் படிக்கத்தான் கற்றுத்தருவதில்லை.

அந்தப் பல்கலைக்கழக மாணவர் இல்லாதவர் உள்ளே போய்ப் படிக்கலாமா?

உங்கள் கல்லூரி முதல்வரிடமோ துறைத் தலைவரிடமோ ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய்க் கேளுங்கள். அங்கேயே உட்கார்ந்து படிக்கத்தான் அனுமதி கேட்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போக எதிர்பார்க்காதீர்கள். கடிதமும் வேண்டாம் என்றால் மாவட்ட மைய நூலகம் எல்லாருக்கும் உரியது. 1948-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அந்தக் காசு போய்க்கொண்டுதான் இருக்கிறது.

உதவித்தொகை?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பர் முதல். ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் முதல். கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பம் போகும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் அங்கேதான்.

அப்பா 1980-களில் சேலத்தில் பி.ஏ. படித்தார். பட்டச் சான்றிதழ் தொலைந்துவிட்டது. கருப்பூருக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். அப்போது சேலம் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. நகல் சான்றிதழுக்குச் சேப்பாக்கம்தான் போக வேண்டும். கையில் பழைய மதிப்பெண் பட்டியல் ஒன்றாவது இருந்தால் அதன் தலைப்பில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள், அங்கே விண்ணப்பியுங்கள். அதுவும் இல்லையென்றால் படித்த கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கை ஆண்டைச் சொல்லிப் பதிவு எண்ணைத் தேடித்தரச் சொல்லுங்கள். சான்றிதழ் தொலைந்ததற்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றையும் வாங்கி வைத்துக்கொண்டால் இரண்டு முறை அலைய வேண்டியிருக்காது.